ஓடாமலே தப்புவது

ஆங்கிலத்தில் 'கெட் அவே' என்றால் தப்பி ஓடுவது. 1986 மார்ச்சில் காவலர்களுக்கு மயக்க மருந்து கலந்த இனிப்பைக் கொடுத்துவிட்டு, திகார் சிறையிலிருந்து சார்லஸ் சோப்ராஜ் கம்பி நீட்டினாரே, அது. (மூன்றே வாரத்தில் கோவாவில் அகப்பட்டது வேறு கதை.)

கூடவே 'வித்' வந்தால்தான் சிக்கல். அதன்பின் பணம் வந்தால் பணத்தோடு ஓட்டம். குற்றம் வந்தால் ஓடவே வேண்டாம். செய்தவர் ஊரிலேயே இருப்பார், தண்டனை வராது. 'மர்டர்' என்று வந்தாலும் பதற வேண்டியதில்லை: வீட்டின் செல்லப் பிள்ளை என்ன செய்தாலும் கேட்பாரில்லை என்பதற்கும் அதையே சொல்வார்கள்.

அவசரத்தில் செய்தியை மொழிபெயர்ப்பவர்கள் எல்லாவற்றுக்கும் 'தப்பினார்' என்று போட்டுவிடுவதுண்டு. நிரபராதி என்று நீதிமன்றம் விடுவித்தவரைப் பற்றி அப்படி எழுதினால், குற்றவாளி அவரே என்று பத்திரிகை தனியாகத் தீர்ப்பெழுதியதாகிவிடும். அவருக்கு 'விடுதலையானார்' போதும்.