பெற்றோரின் கேள்வியும் பாடசாலையின் கடமையும்

மலைச்சரிவில் நாளெல்லாம் கொழுந்து பறித்த தாயொருத்தி மாலையில் லயத்துக்குத் திரும்பித் தன் மகனின் கணிதக் கொப்பியைப் புரட்டுகிறாள் என்று கொள்வோம். கணிதம் அவள் அறியாதது. ஆயினும் பல வாரங்களாக ஒரு பக்கமேனும் நிரம்பவில்லை என்பதை அவள் அறிவாள். ஆசிரியர் நியமிக்கப்படவில்லையா? நியமிக்கப்பட்டும் வரவில்லையா? வந்தும் கற்பிக்கவில்லையா? இவை மூன்றும் வெவ்வேறு வினாக்கள். விடை கிடைக்காதபோது பீலிக்கரைப் பேச்சே விடையாகிவிடுகிறது. பழியும் கண்முன் நிற்கும் ஆசிரியர்மீதே விழுகிறது.

தோட்டத்துப் பெற்றோர் கேட்கத் தயங்குவதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வி வசதி செய்யும் கடமையைத் தோட்டத்துரையிடம் ஒப்படைத்தது. வேலை கொடுத்தவரும் அவரே. பள்ளி நடத்தியவரும் அவரே. அத்தகைய இடத்தில் குறை கூறத் துணிபவர் யார்? 1970களில் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே பாடசாலைகளும் படிப்படியாக அரசின் பொறுப்புக்கு வந்தன. பொறுப்பு மாறியது, தயக்கம் முற்றாக மாறவில்லை.

இன்று அத்தயக்கத்துக்கு இடமில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளது. பாடசாலைக்குப் பொறுப்பான கல்வி அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் எவரும் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். காரணம் கூற வேண்டியதில்லை. எழுத இயலாதவர் வாயால் கூறினால், அதனை எழுதிக்கொள்வது அவ்வலுவலரின் கடமை. பதினான்கு வேலை நாட்களுக்குள் அவர் முடிவு செய்தல் வேண்டும். மறுத்தால் பதினான்கு நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அங்கும் நீதி கிடையாவிடின் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம்.

எவற்றைக் கேட்கலாம்? இப்பாடசாலைக்கு அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் எத்தனை பேர், வெற்றிடம் எத்தனை, கிடைத்த நிதி எவ்வளவு, அது எவ்வாறு செலவாயிற்று என்பனவற்றைக் கேட்கலாம். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கணக்கை அதன் பொதுக் கூட்டத்திலேயே வினவலாம்.

ஆசிரியரின் பணியை அதிபரும் கல்வி அலுவலர்களும் மதிப்பிடுகின்றனர். அம்மதிப்பீட்டின் ஒவ்வொரு வரியும் பொதுச் சொத்தன்று. பொதுநலனோடு தொடர்பற்ற தனிப்பட்ட விவரங்களை வெளியிட மறுக்கச் சட்டம் இடமளிக்கிறது. ஓர் ஆசிரியரின் நோயும் குடும்பத் துயரும் ஊரார் அறிய வேண்டியவையல்ல. ஆனால் ஒரு வகுப்பு பல வாரங்களாகப் பாடமின்றி இருந்ததா என்பது ஊரார் அனைவரும் அறிய வேண்டியதேயாம்.

தகவல் வேறு, முறைப்பாடு வேறு. முதலாவது, உண்மை யாதென வினவுவது. இரண்டாவது, தவறு இதுவெனச் சுட்டித் தீர்வு வேண்டுவது. நல்ல முறைப்பாடு திகதியையும் வகுப்பையும் நடந்ததையும் மட்டுமே கூறும், வசை கூறாது. முதலில் அதிபரிடமும், பயனில்லையேல் வலயக் கல்விப் பணிப்பாளரிடமும் அதனைக் கையளித்து, ஒரு பிரதியைத் தம்மிடம் வைத்துக்கொள்வது அறிவுடைமை. வெற்றிடமே குறையெனத் தகவல் காட்டுமாயின், பழி ஆசிரியரை விட்டு நீங்கும். பெற்றோரும் ஆசிரியரும் ஒன்றுகூடி அவ்வெற்றிடத்தை நிரப்புமாறு கோரலாம். ஆதலின் பெற்றோரின் கேள்வி நேர்மையான ஆசிரியருக்குப் பகையன்று, துணையேயாகும்.

இவ்வுரிமை இந்நாட்டின் குடிமக்களுக்கு உரியது. மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டின் சட்டத்தால் குடியுரிமை இழந்தனர். எஞ்சியிருந்த நாடற்றோருக்கு அதனை மீட்டுக் கொடுத்தது 2003ஆம் ஆண்டின் சட்டம். அரை நூற்றாண்டுக்கு மேலாகக் காத்திருந்து பெற்ற உரிமை அது. கொப்பியின் வெற்றுப் பக்கத்தைக் கண்ட அத்தாய் ஒரு விண்ணப்பத்தில் கையொப்பமிடும்போது, அவள் எவரிடமும் தயவை வேண்டவில்லை; குடிமகள் என்னும் தன் நிலையைப் பயன்படுத்துகிறாள்.