அடுக்குமாடிக் குடியிருப்பில் தானியங்கி விற்பனை இயந்திரம் – நம் கடைக்காரர்கள் அறிய வேண்டியவை

அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கீழ்த்தளத்தில், லிஃப்டுக்குப் பக்கத்திலோ உடற்பயிற்சிக் கூடத்து வாசலிலோ, கண்ணாடி முகப்பு வைத்த ஆளுயர இரும்புப் பெட்டி ஒன்று நிற்பதை நம் உறுப்பினர்களில் பலர் பார்த்திருப்பார்கள். உள்ளே பிஸ்கட், சிப்ஸ், சாக்லேட், குளிர்பானம் எல்லாம் வரிசையாக அடுக்கியிருக்கும். வேண்டிய பொருளின் எண்ணை அழுத்தி, செல்போனில் பணம் செலுத்தினால் சரக்கு கீழே வந்து விழும். கடைக்காரர் இல்லை, கல்லா இல்லை, பூட்டும் நேரமும் இல்லை. "இது வந்தால் நம் கடை என்ன ஆகும்?" என்று நம்மிடம் சரக்கு எடுக்க வரும் சில்லறை வியாபாரிகள் பலர் கேட்டு விட்டார்கள். அதனால் விசாரித்துத் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறோம்.

இந்த இயந்திரம் புதிதல்ல. 1880-களிலேயே லண்டனில் காசு போட்டால் தபால் அட்டை தரும் பெட்டிகள் இருந்தன. 1888-இல் நியூயார்க் ரயில் மேடைகளில் சூயிங்கம் விற்கும் பெட்டிகள் வந்தன. நம் ஊர் ரயில் நிலையங்களில் காசு போட்டால் விளக்கு மின்னி, எடையும் ஜோதிடமும் அச்சடித்த அட்டையைத் தள்ளிய எடை மெஷினை நம் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தில்லியில் 1974-இல் தொடங்கப்பட்ட மதர் டெய்ரி, டோக்கன் போட்டால் பாத்திரத்தில் பால் பிடிக்கும் பூத்துகளைக் குடியிருப்புப் பகுதிகளில் வைத்து நடத்தியது. ஆக, வீட்டு வாசலில் மெஷின் வைத்து விற்பதை நம் நாடு ஐம்பது ஆண்டுகளாக அறிந்தே இருக்கிறது.

ஆனாலும் அது பரவவில்லை. காரணம் சில்லறைதான். காசு வாங்கும் மெஷினுக்கு நல்ல காசு வேண்டும். நம் ஊரிலோ பத்து ரூபாய் நாணயத்தையே பல இடங்களில் வாங்க மறுத்தார்கள். எல்லா வடிவ பத்து ரூபாய் நாணயங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-இல் அறிக்கை விட வேண்டி வந்தது. 2016-இல் யு.பி.ஐ. வந்த பிறகுதான் நிலைமை மாறியது. கட்டத்தைப் படம் பிடித்து ஏழு ரூபாயும் கட்டலாம், எழுபது ரூபாயும் கட்டலாம். மீதிச் சில்லறை என்ற பேச்சே இல்லை. 2022-இல் கோயம்பேடு சந்தையில் பத்து ரூபாய் நாணயம் போட்டால் மஞ்சப்பை தரும் மெஷின் வைக்கப்பட்டது. 2023-இல் சென்னை கொளத்தூரில் ஆளில்லாத பிரியாணிக் கடை திறந்தார்கள். இவையெல்லாம் பத்திரிகைகளில் வந்த செய்திகள். குடியிருப்புகளுக்குள் இந்த மெஷின் வருவது மட்டும் சத்தமில்லாமல் நடக்கிறது.

மெஷின் வேலை செய்யும் விதத்தைக் கடைக்காரர் தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஒவ்வொரு வரிசையிலும் ஸ்பிரிங் போன்ற கம்பிச் சுருள் ஒன்று இருக்கிறது. சுருளின் இடைவெளியில் ஒவ்வொரு பாக்கெட்டாகச் செருகி வைப்பார்கள். பணம் வந்ததும் சின்ன மோட்டார் சுருளை ஒரு சுற்று சுற்றும். முன்னால் இருக்கும் பாக்கெட் விழும். நல்ல மெஷினில், விழுந்ததா இல்லையா என்று பார்க்கும் கண் ஒன்று கீழே இருக்கும். விழாவிட்டால் இன்னொரு முறை சுற்றும், அப்போதும் வராவிட்டால் பணம் திரும்பிப் போகும். இந்தக் கண் இல்லாத மலிவு மெஷினை வாங்கினால் தினம் பஞ்சாயத்துதான். எந்த வரிசையில் எத்தனை மிச்சம் என்று உரிமையாளரின் போனுக்குச் செய்தி வருகிற வசதியும் உண்டு. சரக்கு நிரப்பும்போது பழையதை முன்னால் இழுத்து, புதியதைப் பின்னால் செருக வேண்டும். நாம் கடை அலமாரியில் செய்கிற அதே வேலைதான். அங்கே மறந்தால் காலாவதிச் சரக்கு மெஷினிலிருந்து விழும், புகார் குடியிருப்புச் சங்கத்துக்குப் போகும்.

சுருள் மெஷினில் பால் பாக்கெட்டும் தயிர்ப் பாக்கெட்டும் சரிப்படாது, விழுந்து உடையும். அதற்கு வேறு வகை இருக்கிறது. பூட்டிய ஃபிரிட்ஜ் போன்றது அது; பணம் செலுத்த ஒப்புக்கொண்டால் கதவு திறக்கும், எடுத்த பொருளை எடைத் தட்டோ கேமராவோ கணக்கு வைத்துக்கொள்ளும். இட்லி மாவு, பால், முட்டை, கறிவேப்பிலை, கொத்தமல்லிக்கு இதுதான் ஏற்றது. விலை அதிகம்.

பெரும்பாக்கம் பக்கம் பெரிய குடியிருப்பு ஒன்றின் வாசலுக்கு எதிரே மளிகைக் கடை வைத்திருக்கும் நம் வாடிக்கையாளர் ஒருவர், உள்ளே மெஷின் வந்த பிறகு நடந்ததை நம்மிடம் சொன்னார். அரிசி, பருப்பு, எண்ணெய் வியாபாரம் அப்படியே இருந்ததாம். போனது, இரவு ஒன்பது மணிக்கு மேல் பத்து ரூபாய், இருபது ரூபாய் பாக்கெட்டுக்காகக் கீழே இறங்கி வந்த பிள்ளைகள். "பிள்ளைங்க சிப்ஸ் வாங்க வந்தா, அவங்க அம்மா எழுதிக் குடுத்த சீட்டும் கூட வரும் அண்ணாச்சி. இப்ப சிப்ஸும் இல்ல, சீட்டும் இல்ல" என்றார். இதுதான் விஷயம். பத்து ரூபாய் பாக்கெட்டில் நமக்குக் கிடைப்பது ஒரு ரூபாய்தான். ஆனால் அந்தப் பாக்கெட்டுதான் வாடிக்கையாளரைக் கடைப் படியேற வைக்கிறது. பத்து நிமிடத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தரும் கம்பெனிகள் ஏற்கெனவே ஒரு பக்கம் இழுக்கின்றன. மெஷின் மறுபக்கம் இழுத்தால் வாசல் கடைக்கு மிஞ்சுவது மாதக் கடன் நோட்டு மட்டும்தான்.

அதற்காக மெஷினை எதிர்த்துப் பயனில்லை. குடியிருப்பின் பொது இடம் வீட்டு உரிமையாளர்கள் எல்லோருக்கும் பொதுவானது. அவர்கள் சங்கம் கூடித் தீர்மானம் போட்டு யாருக்கு வேண்டுமானாலும் அனுமதி கொடுக்கலாம். அந்த அனுமதியை வெளியூர்க் கம்பெனிக்குப் பதிலாக வாசலில் இருக்கும் கடைக்காரரே ஏன் கேட்கக் கூடாது என்பதுதான் நம் கேள்வி.

இதில் கணக்கு முக்கியம். நாற்பது, ஐம்பது வரிசை உள்ள குளிர்சாதன மெஷின் இரண்டரை லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வருடத்துக்குப் பங்கிட்டால் மாதம் 4,167 ரூபாய். ஃபிரிட்ஜைப் போல இரவும் பகலும் ஓடுவதால் நாளுக்கு ஆறு யூனிட், யூனிட் பத்து ரூபாய் என்றால் மின்சாரம் 1,800. சங்கத்துக்கு இட வாடகை 3,000. பழுது, நெட் இணைப்பு, சாஃப்ட்வேர் கட்டணம் 1,500. சரக்கு நிரப்ப ஆள் கூலி 2,000. ஆக மொத்தம் 12,467 ரூபாய். பிஸ்கட்டும் சிப்ஸும் மட்டும் விற்று சராசரி 12 சதவீதம் நின்றால், மாதம் ஒரு லட்சத்து நான்காயிரம் ரூபாய்க்கு விற்றால்தான் செலவுக்குச் சரியாகும். அதாவது நாளுக்கு 3,460 ரூபாய். 200 வீடு இருந்தால் ஒவ்வொரு வீடும் தினம் 17 ரூபாய்க்கு மேல் வாங்க வேண்டும். நடக்கிற காரியமில்லை. வெளியிலிருந்து வரும் கம்பெனிகள் ஆறு மாதத்தில் மெஷினைத் தூக்கிக்கொண்டு போனால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

வாசல் கடைக்காரரின் கணக்கு வேறு. நிரப்பும் கூலி அவருக்கு இல்லை. கடைப் பையன் மதியம் அரை மணி நேரத்தில் முடித்து விடுவான். கடலை மிட்டாய், முறுக்கு, வறுத்த கடலை, பேரீச்சை போன்றவற்றைத் தாமே பாக்கெட் போட்டு வைத்தால் சராசரி லாபம் 20 சதவீதத்துக்கு வரும். அப்போது மாதம் 52,300 ரூபாய் விற்றால் போதும். வீட்டுக்கு நாளொன்றுக்கு ஒன்பது ரூபாய்க்கும் குறைவு. இதுவும் எளிதென்று சொல்ல மாட்டோம். 150 வீட்டுக்குக் குறைந்த இடத்தில் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம் என்பது நம் கருத்து. மெஷின் விலை, வாடகை, மின் கட்டணம் ஊருக்கு ஊர் மாறும். அவரவர் எண்களைப் போட்டுப் பார்த்துக்கொள்ளவும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. மெஷின் கம்பெனியுடையதாகவே இருக்கட்டும். சரக்கு போட்டு நிரப்பும் பொறுப்பை மட்டும் பக்கத்துக் கடைக்காரர் எடுத்துக்கொள்ளலாம். முதலீடு இல்லை, லாபம் குறைவு. முதலில் இப்படி ஆறு மாதம் பழகிப் பார்ப்பது கெட்டிக்காரத்தனம்.

தாமே பாக்கெட் போடுகிறவர்கள் சட்டத்தைக் கவனிக்க வேண்டும். பொருளின் பெயர், பாக்கெட் போட்டவர் பெயர் முகவரி, நிகர எடை, பாக்கெட் போட்ட மாதம் வருடம், வரி உள்பட அதிகபட்ச சில்லறை விலை, புகார் செய்ய வேண்டிய முகவரி இவை அட்டையில் இருக்க வேண்டும். பாக்கெட் போடுபவர் என்று எடையளவுச் சட்டத்தின் கீழ்ப் பதிவும் செய்துகொள்ள வேண்டும். நம் மாநிலத்தில் அதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவோ உரிமமோ இல்லாமல் மெஷினில் உணவுப் பொருள் விற்கக் கூடாது. கடைக்கு இருக்கும் உரிமம் மெஷினுக்கும் சேருமா என்று அதிகாரியிடம் முன்கூட்டியே கேட்டு, 14 இலக்க எண்ணை மெஷின் மேல் ஒட்டி வைக்க வேண்டும். ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர்கள் மெஷின் நிற்கும் இடத்தைக் கூடுதல் வியாபார இடமாகச் சேர்ப்பது பற்றி ஆடிட்டரைக் கேட்கவும். 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட், மிக்சர், சாக்லேட் இவற்றுக்கு வரி 5 சதவீதமாகக் குறைந்தது. காற்றேற்றிய குளிர்பானத்துக்கு 40 சதவீதம். மெஷினில் விலையைப் பதியும்போது இது நினைவில் இருக்கட்டும்.

அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் ஒரு காசும் வாங்கக் கூடாது. மெஷின் கரண்டில் ஓடுகிறது, குளிர வைக்கிறது என்று ஐந்து ரூபாய் சேர்த்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். உட்கார்ந்து சாப்பிடும் ஓட்டலுக்குக் கோர்ட் சொன்ன சலுகை நமக்குப் பொருந்தாது. இங்கே ஒவ்வொரு விற்பனையும் வாடிக்கையாளர் போனில் பதிவாகிறது. புகார் செய்ய வேறு அத்தாட்சி தேவையில்லை.

எவற்றை வைக்கக் கூடாது என்பதும் தெளிவாக இருக்கிறது. பீடி, சிகரெட், எந்தப் புகையிலைப் பொருளையும் தானியங்கி இயந்திரம் மூலம் விற்பதை மத்திய அரசின் புகையிலைக் கட்டுப்பாட்டு விதிகள் தடை செய்கின்றன. வாங்குபவர் வயதை மெஷின் கேட்காது அல்லவா? தலைவலி மாத்திரை கூட வேண்டாம், அது மருந்துக் கடை உரிமம் உள்ளவர்கள் வேலை. டீ, காபி மெஷின் வைக்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவும்: 2019 ஜனவரி 1 முதல் நம் மாநிலத்தில் தடை செய்யப்பட்ட ஒருமுறைப் பயன்பாட்டு பிளாஸ்டிக்கில், பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் அடங்கும். வீட்டு டம்ளரைக் கொண்டுவரச் சொல்வதுதான் வழி.

வெளிநாட்டு அனுபவமும் பார்க்கத்தக்கது. ஜப்பானில் 2000-ஆம் ஆண்டு வாக்கில் 56 லட்சம் மெஷின்கள் இருந்தன. இன்று 40 லட்சத்தை ஒட்டித்தான் இருக்கின்றன. அந்த நாட்டிலேயே தெருமுனைச் சிறு கடைகள் பெருகியதும், நிரப்ப ஆள் கிடைக்காததும் மெஷினைக் குறைத்திருக்கின்றன. ஆளில்லாமல் விற்கும் மெஷினுக்கும் ஆள் வேண்டும் என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள். நம் கடைக்காரர்களிடம் அந்த ஆள் ஏற்கெனவே இருக்கிறார்.

நம் வெயிலையும் மறக்கக் கூடாது. வெயில் படும் இடத்தில் வைத்தால் சாக்லேட் உருகி, சுருளில் ஒட்டிக்கொண்டு வரிசையையே அடைத்துவிடும். கரண்ட் போனால் ஜெனரேட்டர் இணைப்பு இந்த மெஷினுக்கு உண்டா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பொது மின் இணைப்பிலிருந்து எடுக்காமல் தனி மீட்டர் வைக்கச் சொல்வது இரண்டு பக்கத்துக்கும் நல்லது. வியாபாரத்துக்குப் பொது இணைப்பைக் கொடுத்தார்கள் என்று நாளைக்கு ஆய்வில் எழுதினால் சங்கத்துக்கும் சங்கடம், நமக்கும் சங்கடம்.

குடியிருப்புச் சங்கத்திடம் பேசப் போகும்போது வெறுங்கையோடு போக வேண்டாம். இடம் எவ்வளவு, வாடகை எவ்வளவு, புகார் வந்தால் எத்தனை நிமிடத்தில் ஆள் வருவார், குப்பைக் கூடையை யார் காலி செய்வது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்கவும். "பணம் போயிற்று, பொருள் வரவில்லை என்றால் எதிரே நம் கடைக்கு வாருங்கள், கையில் பணம் தருகிறோம்" என்று சொல்ல வெளியூர்க் கம்பெனியால் முடியாது. நம்மால் முடியும். மெஷின் மேல் நம் கடைப் பெயரும் போன் நம்பரும் பெரிதாக இருக்கட்டும். மாத மளிகைச் சீட்டை அந்த நம்பருக்கே அனுப்பலாம் என்று அதன் கீழே எழுதி வைக்கவும். ஒப்பந்தம் குறைந்தது மூன்று வருடத்துக்கு இருக்க வேண்டும், நிர்வாகக் குழு மாறினாலும் செல்லும் என்ற வரி அதில் இருக்க வேண்டும். குழுக்கள் தேர்தலில் மாறும். புதுக் குழு வந்து மெஷினை எடுக்கச் சொன்னால் போட்ட முதலுக்கு அந்த ஒரு வரிதான் பாதுகாப்பு.