அடிமனையை விற்றே ஆக வேண்டுமா?

வடசென்னையில் வசிக்கும் எழுபது வயதைக் கடந்த பெண்மணி ஒருவர், சென்ற மாதம் ஒரு கடிதத்துடன் என்னிடம் வந்தார். அவருடைய மாமனார் 1960களில் ஒரு கிரவுண்டு காலி மனையை வாடகைக்கு விட்டிருந்தார். எடுத்தவர் அதில் சொந்தச் செலவில் வீடு கட்டினார். இப்போது அங்கே குடியிருப்பவர் அவருடைய மகன். 'பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் அனுபவிப்பதால் மனை எங்களுடையது. எனவே நான் சொல்லும் விலைக்கு எனக்கே விற்றுவிடுங்கள், மறுத்தால் நீதிமன்றம் விற்க வைக்கும்' என்கிறது கடிதம். தன்னுடையதையே ஒருவர் ஏன் விலை கொடுத்து வாங்க வேண்டும் என்று எழுதியவர் யோசிக்கவில்லை.

பன்னிரண்டு ஆண்டுக் கதையை முதலில் ஒதுக்கிவிடலாம். வாடகைதாரராக உள்ளே வந்தவர், அந்த வாடகை உறவு நீடிக்கும்வரை உரிமையாளரின் உரிமையை மறுக்க முடியாது. சாட்சியச் சட்டம் அதைத் தடுக்கிறது. வாடகை ரசீதுகளின் அடிக்கட்டைகளை அந்த அம்மையார் பத்திரமாக வைத்திருந்தது நல்லதாயிற்று.

இரண்டாவது மிரட்டலை அப்படி ஒதுக்க முடியாது. 1921ஆம் ஆண்டின் சென்னை நகர வாடகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, மனையில் கட்டடம் கட்டிய வாடகைதாரர் அந்த மனையைத் தமக்கு விற்க உத்தரவிடுமாறு நீதிமன்றத்தைக் கோர வழிசெய்கிறது. வீடு கட்டியவரை நாளைக்கே வெளியேறச் சொல்வது அநீதி என்ற எண்ணத்தில் பிறந்த சட்டம் இது. அந்த எண்ணத்தில் எனக்குக் குறை தெரியவில்லை. ஆனால், 1979ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அமலுக்கு வருமுன் ஏற்பட்ட வாடகைகளுக்கே அது பொருந்தும். உள்வாடகைதாரர் அதைக் கோர முடியாது. கோயில், பள்ளிவாசல், தேவாலய மனைகளுக்கு 1996 முதல் விலக்கு உண்டு.

விலையை வாடகைதாரர் நிர்ணயிப்பதில்லை. உத்தரவுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரிச் சந்தை மதிப்பே விலை. முழு மனையும் போகும் என்பதும் இல்லை. வசதியாகக் குடியிருக்கத் தேவையான குறைந்த அளவு நிலம் எது என்று நீதிமன்றம் முதலில் முடிவு செய்யும். குறித்த கெடுவுக்குள் பணம் கட்டாவிட்டால் மனு தள்ளுபடியாகும்.

பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. உரிமையாளர் வெளியேற்ற வழக்குத் தொடுத்து, அழைப்பாணை கிடைத்த ஒரு மாதத்துக்குள்தான் வாடகைதாரர் இந்த மனுவைப் போட முடியும். கோபத்தில் வழக்குப் போடும் உரிமையாளரே அந்தக் கதவைத் திறந்துவிடுகிறார். வழக்குத் தொடுப்பதானாலும், கட்டடத்துக்கான இழப்பீட்டுத் தொகையைக் குறிப்பிட்டு அறிவிப்பு அனுப்பி மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். வழக்கே போடாமல் வாடகையை மட்டும் வசூலித்து வருவதும் ஒரு வழி. பாக்கியை மூன்று ஆண்டுகளுக்கு மேல் விட்டுவைத்தால் வழக்குப் போட்டு வசூலிக்கும் வாய்ப்பு போய்விடும். வாடகைதாரர் இருக்கும் நிலையிலேயே மனையை வேறொருவருக்கு விற்கவும் தடையில்லை. விலை குறையும், அவ்வளவுதான்.

நான் அஞ்சியது வேறொன்றுக்கு. கடிதத்தோடு ஐம்பதாயிரம் ரூபாய் முன்பணமும், கையெழுத்துக்காக ஒரு முத்திரைத்தாளும் வந்திருந்தன. அதில் கையெழுத்திட்டால் அது விற்பனை ஒப்பந்தம். 2018ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, அத்தகைய ஒப்பந்தத்தை நிறைவேற்றச் சொல்லி வழக்கு வந்தால் நீதிமன்றம் தன் விருப்பப்படி மறுப்பது கடினம். வற்புறுத்தலில் பெற்ற கையெழுத்தை ரத்துசெய்ய ஒப்பந்தச் சட்டத்தில் இடமுண்டு. எனினும், வற்புறுத்தலை நிரூபிக்கும் சுமை அந்த அம்மையார் மீதே விழும்.

பணத்தையும் தாளையும் பதிவு அஞ்சலில் திருப்பி அனுப்பச் சொன்னேன். மகளிடம் கலந்துகொண்டு, விற்பதா வேண்டாமா என்று தைப் பொங்கலுக்குப் பிறகு சொல்வதாகக் கூறிச் சென்றிருக்கிறார்.