போன வருஷ யூனிஃபார்ம் இந்த வருஷமும் சரியாக இருக்கிறதா?

ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நேரத்தில் தையல் கடைகளில் தவறாமல் காதில் விழும் வாக்கியம் ஒன்று உண்டு. "வளர்ற பிள்ளை, கொஞ்சம் பெரிசாவே தைங்க!" பேன்ட்டின் கீழே இரண்டு அங்குலத் துணியை உள்ளே மடித்துத் தைத்து, பிள்ளை வளர வளரப் பிரித்துவிடுவது பல வீடுகளின் பழைய சிக்கனம். அந்த மடிப்பைப் பிரிக்கும் தேவையே வராவிட்டால்? போன வருஷ யூனிஃபார்மும் ஷூவும் இந்த வருஷமும் கச்சிதமாகப் பொருந்தினால்? செலவு மிச்சம் என்று மகிழ்வதற்கு முன், இன்ச் டேப்பைக் கையில் எடுப்பது நல்லது.

கைக்குழந்தையாக இருக்கும்போது தடுப்பூசி போடப் போகும்போதெல்லாம் எடை பார்த்து அட்டையில் குறிக்கிறார்கள். 5-6 வயதில் போடும் பூஸ்டர் ஊசியோடு அந்த அட்டை பீரோவுக்குள் போய்விடுகிறது. அதற்குப் பிறகு மார்க் ஷீட்டுக்குக் கிடைக்கும் கவனம் உயரத்துக்கும் எடைக்கும் கிடைப்பதில்லை.

எவ்வளவு வளர வேண்டும்?

பிறக்கும்போது சுமார் 50 செ.மீ. நீளம் இருக்கும் குழந்தை, முதல் வருடத்தில் மட்டும் சுமார் 25 செ.மீ. வளர்கிறது. இரண்டாம் வருடம் அது 10 முதல் 12 செ.மீ. ஆகக் குறைகிறது. பள்ளிப் பருவத்தில் வேகம் இன்னும் தணிந்து, வருடத்துக்கு 5-6 செ.மீ. என்ற நிதானத்துக்கு வந்துவிடும். எடை வருடத்துக்கு 2-3 கிலோ கூடும். பருவ மாற்றங்கள் தொடங்கும்போது வளர்ச்சி மறுபடியும் வேகமெடுக்கிறது. பெண் பிள்ளைகளுக்கு இது சுமார் இரண்டு வருடம் முன்னதாகவே வரும். ஆறாம், ஏழாம் வகுப்புகளில் பையன்களைவிடப் பெண்கள் உயரமாகத் தெரிவது அதனால்தான்.

ஐந்து வயதுக்கு மேல், பருவமடைவதற்கு முன், ஒரு வருடத்தில் 4 செ.மீ.கூட வளராத குழந்தையை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

குள்ளம் வேறு, வளராதது வேறு

காலைப் பிரேயரில் வரிசையின் முதல் ஆளாக நிற்கும் பிள்ளைக்கு நோய் இருக்கிறது என்று அர்த்தமில்லை. அப்பாவும் அம்மாவும் உயரம் குறைவாக இருந்தால் பிள்ளையும் அப்படி இருப்பது இயல்பு. இதற்கு மருத்துவர்கள் ஓர் எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள். பெற்றோர் இருவரின் உயரத்தையும் கூட்டி இரண்டால் வகுக்க வேண்டும். பையனுக்கு அதோடு 6.5 செ.மீ. கூட்ட வேண்டும், பெண்ணுக்கு 6.5 செ.மீ. கழிக்க வேண்டும். அப்பா 170, அம்மா 154 என்றால் சராசரி 162. மகன் 168.5, மகள் 155.5 செ.மீ.யை ஒட்டி, சில செ.மீ. முன்பின்னாக வளர்வார்கள் என்று எதிர்பார்க்கலாம்.

"நானும் பத்தாவது வரைக்கும் குள்ளமாத்தான் இருந்தேன். காலேஜ் போனப்பதான் வளர்ந்தேன்" என்று சொல்லும் அப்பாக்கள் உண்டு. தாமதமாகப் பருவமடைவது சில குடும்பங்களில் வழிவழியாக வருகிறது. இப்படிப்பட்ட பிள்ளைகளும் பள்ளிப் பருவத்தில் வருடத்துக்கு 5 செ.மீ.யை ஒட்டி வளர்ந்துகொண்டுதான் இருப்பார்கள். ஆகவே, பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பயன் இல்லை. ஒப்பிட வேண்டியது, அதே பிள்ளையின் போன வருஷ உயரத்தோடு.

என்ன காரணமாக இருக்கலாம்?

ஒல்லியாகவும் இருந்து உயரமும் கூடாவிட்டால், சத்துக்குறைவு, ரத்தசோகை, நாள்பட்ட வயிற்றுக் கோளாறு, சிறுநீரகப் பிரச்னை போன்றவற்றை மருத்துவர் தேடுவார். எடை கூடிக்கொண்டே போய் உயரம் மட்டும் நின்றுவிட்டால் தைராய்டு போன்ற ஹார்மோன் குறைபாட்டைச் சந்தேகிப்பார். அதிகம் சாப்பிடுவதால் மட்டும் குண்டாகும் குழந்தைகள், பொதுவாக வயதுக்கு மீறிய உயரத்தோடுதான் இருப்பார்கள். "நல்லா புஷ்டியாத்தானே இருக்கான்" என்ற திருப்தி சில நேரம் நோயை மறைத்துவிடும்.

இதில் தாமதம் கூடாது என்பதற்குக் காரணம் எலும்பில் இருக்கிறது. நீண்ட எலும்புகளின் முனைகளில் உள்ள வளர்ச்சித் தட்டுகள்தான் உயரத்தைக் கூட்டுகின்றன. பருவமடைந்த சில ஆண்டுகளில் அவை மூடிக்கொள்கின்றன. பெண்கள் வயதுக்கு வந்த பிறகு சராசரியாக 5-7 செ.மீ. மட்டுமே வளர்கிறார்கள். தட்டுகள் மூடிய பிறகு எந்த மருந்தாலும் உயரத்தைக் கூட்ட முடியாது. எட்டு வயதுக்கு முன்பே பெண் குழந்தைக்கோ, ஒன்பது வயதுக்கு முன்பே ஆண் குழந்தைக்கோ பருவ மாற்றங்கள் தெரிந்தால் உடனே காட்டச் சொல்வதற்கும் இதுதான் முக்கியக் காரணம். சீக்கிரம் வளர்வது போலத் தெரிந்தாலும், வளர்ச்சி சீக்கிரமே நின்றுவிடும்.

பவுடர் தேவையா?

உயரத்தைக் கூட்டுவதாகச் சொல்லப்படும் பவுடர்களின் டப்பாவைத் திருப்பிச் சர்க்கரை அளவைப் படித்துப் பார்க்கலாம். கம்பியில் தொங்கினாலும் உயரம் கூடாது. அன்றாடம் முட்டை, பருப்பு, பால், சுண்டல், கீரை, பழம் இருந்தால் போதும். கூடவே தினமும் ஒரு மணி நேரம் ஓடியாடும் விளையாட்டும் வேண்டும். 6 முதல் 12 வயதுவரை 9 மணி நேரத்துக்குக் குறையாத தூக்கமும் அவசியம். வளர்ச்சி ஹார்மோன் அதிகமாகச் சுரப்பது ஆழ்ந்த தூக்கத்தில்தான். இரவு பதினொரு மணிவரை செல்போன் பார்க்கும் பிள்ளை இழப்பது இந்தத் தூக்கத்தைத்தான்.

நிலைப்படியில் ஒரு கோடு

பிரான்ஸில் மான்ட்பெய்யார் என்ற பிரபு, 1759-ல் பிறந்த தன் மகனின் உயரத்தை 18 வயதுவரை தொடர்ந்து அளந்து குறித்துவந்தார். ஒரு குழந்தையின் வளர்ச்சியைத் தொடர்ந்து பதிவுசெய்த பழைய குறிப்புகளில் அது புகழ்பெற்றது. அதே வேலையை இன்று எந்த வீட்டிலும் செய்யலாம்.

செருப்பைக் கழற்றி, கொண்டையை அவிழ்த்து, பிள்ளையைச் சுவரோடு நிறுத்த வேண்டும். குதிகால், இடுப்பு, தோள், பின்தலை சுவரில் பட, பார்வை நேராக இருக்கட்டும். தலைமேல் கெட்டி அட்டைப் புத்தகத்தைச் சமமாக வைத்து, அதன் அடிவிளிம்பில் பென்சிலால் கோடு போட்டு, தேதியையும் எழுத வேண்டும். காலையில் இருப்பதைவிட மாலையில் உயரம் சற்றுக் குறையும் என்பதால் எப்போதும் ஒரே வேளையில் அளப்பது நல்லது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை போதும்.

அந்தக் கோடுகளைப் போனில் படம் எடுத்து மருத்துவரிடம் காட்டினால், அவருக்கு அது பாதி வேலையை முடித்துக்கொடுத்தது மாதிரி. அடுத்த ஜூனில் தையல் கடைக்குப் போவதற்கு முன், இரண்டு கோடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை ஒரு முறை அளந்து பார்த்துவிடுங்கள்.