கார்த்திகைப்பூவும் கொரோனாவும்

தடிமன், காய்ச்சல் என்றால் வேர்க்கொம்பும் மல்லியும் அவித்துக் குடிப்பது எம்மவர் வீடுகளில் ஊரிலிருந்து தொடர்ந்து வரும் வழக்கம். 2020 ஆம் ஆண்டு கொரோனா பரவியபோது குட்மேய்ஸிலும் நாம் அதையே செய்தோம். பார்லி லேனில் கிங் ஜோர்ஜ் வைத்தியசாலைப் பக்கம் அம்புலன்ஸ்கள் ஓடிக்கொண்டிருக்க, எமது அடுப்புகளில் மல்லித்தண்ணீர் கொதித்தது. தமிழ்நாட்டின் கபசுரக் குடிநீர்ப் பொடியும் பல வீடுகளுக்கு வந்து சேர்ந்தது. "மருந்து எங்கட மூலிகையில் இருக்குது, இங்கத்தைய வைத்தியர்மார்தான் கணக்கெடுக்கிறார்கள் இல்லை" என்ற பேச்சை இன்றும் கேட்கிறோம். இது உண்மையா என்பதை இம்முறை பார்ப்போம்.

கார்த்திகைப்பூவுக்கு வைத்த பரீட்சை

எமது ஊர் வேலிகளில் படரும் கார்த்திகைப்பூவை அறியாதவர் இல்லை. தமிழ்நாட்டில் இதனைச் செங்காந்தள் என்பார்கள். இதன் விதையிலும் கிழங்கிலும் கொல்சிசின் என்னும் இரசாயனம் உண்டு. கிழங்கைத் தின்றால் உயிருக்கே ஆபத்து. ஆனால் அளவோடு பிரித்தெடுத்த கொல்சிசின், கௌட் என்னும் மூட்டு வீக்க நோய்க்கு இந்த நாட்டில் வைத்தியர்கள் எழுதிக் கொடுக்கும் குளிசையாகும். தமிழ்நாட்டு விவசாயிகள் விதைக்காகவே இச்செடியைப் பயிரிடுகிறார்கள்.

வீக்கத்தைக் குறைக்கும் இம்மருந்து, கொரோனாவால் வீங்கும் நுரையீரலுக்கும் உதவலாம் என ஆய்வாளர்கள் எண்ணினர். ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகம் நடத்திய 'ரிக்கவரி' ஆய்வில், 2020 நவம்பர் முதல் 2021 மார்ச் வரை 11,340 நோயாளிகள் சீட்டுக் குலுக்குவது போல இரு பகுதியாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பகுதியினருக்கு வழமையான சிகிச்சையோடு கொல்சிசினும் கொடுக்கப்பட்டது. மற்றவர்களுக்கு வழமையான சிகிச்சை மட்டும். 28 நாட்களின் பின் பார்த்தபோது இரு பகுதியிலும் நூற்றுக்கு 21 பேர் இறந்திருந்தனர். மருந்தால் பயன் இல்லை என்பது தெளிவாகியது.

இதே ஆய்வில்தான் ஆய்வுகூடத்தில் தயாரான ஹைட்ரொக்ஸிகுளோரோகுயினும் தோற்றது. விலை குறைந்த பழைய மருந்தான டெக்ஸாமெதசோன் வென்றது. செயற்கைச் சுவாசத்தில் இருந்தோரின் இறப்பை அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆகவே மூலிகை என்பதற்காக எவரும் ஒதுக்கவில்லை. எல்லா மருந்துக்கும் ஒரே தராசுதான்.

நிலவேம்பின் கதை

கபசுரக் குடிநீரில் சேரும் 15 சரக்குகளில் நிலவேம்பும் ஒன்று. அதிலுள்ள அன்ட்ரோகிராபோலைட் என்னும் இரசாயனம், ஆய்வுகூடத்தில் வளர்த்த நுரையீரல் கலங்களில் வைரஸ் பெருகுவதைத் தடுப்பதாகத் தாய்லாந்து ஆய்வாளர்கள் கண்டனர். 2020 டிசம்பரில் இலேசான நோயாளிகளுக்கு நிலவேம்பைக் கொடுத்துப் பார்க்க அந்நாட்டுச் சுகாதார அமைச்சு அனுமதித்தது. 57 பேரிடம் ஓர் ஆய்வும் நடந்தது. நிலவேம்பு எடுத்த 29 பேரில் எவருக்கும் நியூமோனியா வரவில்லை. எடுக்காத 28 பேரில் மூவருக்கு வந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இவ்வளவு சிறிய வித்தியாசம் தற்செயலாகவும் வரலாம். கணக்கில் பிழை இருப்பது தெரியவந்ததும் 2021 ஓகஸ்டில் ஆய்வாளர்களே அக்கட்டுரையைத் திரும்பப் பெற்றனர்.

இன்னொன்றையும் நினைவில் வைப்போம். ஆய்வுகூடத் தட்டில் மருந்து வைரஸை நேரே தொடுகிறது. நாம் குடிப்பதோ குடலையும் ஈரலையும் கடந்தே இரத்தத்துக்குப் போக வேண்டும். மஞ்சளிலுள்ள குர்குமின் அப்படிப் போய்ச் சேருவது மிகக் குறைவு.

கேகாலைப் பாணி

2020 டிசம்பரில் இலங்கையின் கேகாலையில், தேனும் சாதிக்காயும் சேர்த்த பாணி ஒன்று கொரோனாவைத் தீர்க்கும் என்ற பேச்சில் ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்தனர். அன்றைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சியும் அதனைப் பகிரங்கமாகக் குடித்தார். 2021 ஜனவரியில் அவருக்கும் தொற்று உறுதியானது. பின்னர் அவர் குணமடைந்தார். பாணியை விட, அதனை நம்பி நெருக்கியடித்து நின்றதே ஆபத்து.

நாம் செய்யக்கூடியவை

• மல்லித்தண்ணீரும் இஞ்சித் தேநீரும் தொண்டைக்கு இதம். தாராளமாகக் குடிக்கலாம். ஆனால் அவை வைத்தியத்துக்குப் பதிலாகா.

• பொடி, குளிசை வடிவில் மூலிகை எடுத்தால் உங்கள் வைத்தியரிடமோ மருந்துக்கடைக்காரரிடமோ மறைக்காமல் சொல்லுங்கள். சீந்தில் எடுத்த ஆறு பேருக்கு ஈரல் பாதிக்கப்பட்டதாக 2021 இல் மும்பை வைத்தியர்கள் அறிவித்தனர். கபசுரக் குடிநீரிலும் சீந்தில் உண்டு. அதிமதுரம் அதிகமானால் இரத்த அழுத்தம் ஏறும். வோர்ஃபரின் எடுப்போர் மஞ்சள் குளிசைகளில் கவனமாக இருக்க வேண்டும்.

• நோய் முற்றும் ஆபத்து உள்ளவர்களுக்கு என்.எச்.எஸ். வைரஸ் எதிர்ப்பு மருந்து கொடுக்கிறது. அதனை நோய்க்குறி தொடங்கிய முதல் நாட்களிலேயே ஆரம்பிக்க வேண்டும். "கசாயம் குடித்துப் பார்ப்போம்" என்று அந்த நாட்களைக் கடத்த வேண்டாம். உங்கள் வைத்தியரையோ 111 ஐயோ அழையுங்கள்.

• மூச்சு எடுக்கக் கடினமானால் உடனே 999.

• தடுப்பூசிக்கு அழைப்பு வந்த பெரியவர்களைக் கூட்டிச் செல்லுங்கள்.

எமது முன்னோரின் மருத்துவ அறிவு பெருமைக்குரியது. அதிலிருந்து நாளை ஒரு நல்ல மருந்து வரவும் கூடும். பரீட்சையில் தேறி வரட்டும், அனைவரும் வரவேற்போம். அதுவரை அம்மம்மாவின் மல்லித்தண்ணீரையும் வைத்தியரின் ஆலோசனையையும் சேர்த்தே வைத்துக்கொள்வோம்.