சாவா மூவாப் பேராடு

சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் அடிக்கடி வரும் ஒரு சொல், சாவா மூவாப் பேராடு. கோயிலில் நந்தாவிளக்கு ஒன்று அணையாமல் எரிய வேண்டும் என்று யாரோ 96 ஆடுகளைக் கொடுப்பார்கள். அவற்றை ஏற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் உழக்கு நெய் கோயிலில் அளக்க வேண்டும். ஆடு கிழடாகும், சாகும். பிறந்த குட்டி அந்த இடத்துக்கு வரும். ஏட்டில் மட்டும் என்றைக்கும் 96தான். ஆகவே அந்த மந்தைக்குச் சாவும் கிடையாது, மூப்பும் கிடையாது.

கல்லூரியில் படித்து மறந்துபோன இந்தச் சொல், படுக்கையில் கிடந்தபடி ஒரு மாத்திரை அட்டையின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது எனக்குத் திரும்ப வந்தது.

மூன்று ஆண்டுகளாக எனக்கு நாட்பட்ட சோர்வு நோய். ஒரு காய்ச்சல் வந்தது, போனது. போகும்போது எதையோ கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது. எல்லா டெஸ்டும் நார்மல். 1955இல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் டாக்டர்களும் நர்ஸுகளுமாக ஏறக்குறைய 300 பேர் இப்படித்தான் விழுந்தார்கள். 15 வருஷம் கழித்து இரண்டு மனநல மருத்துவர்கள் பழைய குறிப்புகளைப் புரட்டிவிட்டு, அது கூட்டு மனப்பிராந்தி என்று எழுதினார்கள். அந்தப் பேச்சின் வால் இன்னும் அறுபடவில்லை.

'சோர்வு' என்ற பெயரே தப்பு என்பேன். சோர்வு என்றால் தூங்கி எழுந்தால் தீர வேண்டும். இது தீராது. தலைக்குக் குளித்தாலோ, வந்தவர்களோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினாலோ அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மறுநாள், சில சமயம் அதற்கும் அடுத்த நாள், அடித்துப் போட்டதுபோல் உடம்பு விழும். கந்துவட்டிக்காரன் மாதிரி, பிந்தி வந்து கூடுதலாகக் கேட்கும்.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா எவர்சில்வர் டப்பா மூடியில் மாத்திரைகளை வைத்துக் கொண்டுவருவாள்.

"இதுல எதுடி தெம்பு குடுக்குற மாத்திரை?"

"தெரியலம்மா."

"அப்ப எல்லாத்தையும் போட்டுக்கோ."

அம்மாவின் தர்க்கத்தில்தான் உலகம் முழுக்க இந்த நோய்க்காரர்கள் வாழ்கிறார்கள். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021இல் வெளியிட்ட வழிகாட்டி, சத்து மாத்திரைகள் இந்த நோயைக் குணப்படுத்தும் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்கிறது. படித்த அன்று கோபம் வந்தது, இப்போது இல்லை. பி12 போடுவதற்குக் காரணம் இருக்கிறது: ரத்தத்தில் குறைவாக இருந்தது. நான் முட்டைகூடத் தொடாதவள். வைட்டமின் டி, என்னை வெயில் பார்ப்பதில்லை என்பதால். மூன்றாவதாக மூடியில் உருளும் ஆரஞ்சு நிறக் கேப்ஸ்யூல் மட்டும் சுத்தமான நம்பிக்கை. அதன் பெயர் கோ கியூ 10. அதன் அட்டையைத்தான் அன்று படித்துக்கொண்டிருந்தேன்.

1957இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஃபிரெடரிக் கிரேன் மாட்டு இதயச் செல்களின் ஆற்றல் ஆலைகளான மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து மஞ்சள் படிகமாக ஒரு பொருளைப் பிரித்தார். அதுதான் கோ கியூ 10. அதற்கு இன்னொரு பெயர் யுபிகுயினோன். எங்கும் இருப்பது என்ற பொருளில் வைத்த பெயர். தேடிய திசு எல்லாவற்றிலும் அது இருந்தது. எங்கும் நிறைந்தவன் என்று நாம் யாரைச் சொல்கிறோமோ, அவன் பெயரை ஒரு கொழுப்புத் துளிக்கு வேதியியல்காரர்கள் அறியாமலே வைத்துவிட்டார்கள். கடையில் வாங்கும் இந்தப் பொருளை என் உடம்பே தினமும் செய்துகொள்கிறது என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

அது செய்யும் வேலை சுமை தூக்குவது. மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வுக்குள் நீந்தியபடி எலக்ட்ரானை ஒரு துறையில் ஏற்றி அடுத்த துறையில் இறக்குகிறது. அந்தப் போக்குவரத்தின் விசையில் புரோட்டான்கள் சவ்வின் மறுபக்கம் தள்ளப்பட்டு, அணையில் நீர்போல் தேங்குகின்றன. சவ்வின் கனமோ ஒரு மில்லிமீட்டரில் இரண்டு லட்சத்தில் ஒரு பங்கு. அதன் இரு பக்கத்துக்கும் உள்ள மின்னழுத்த வேறுபாட்டை மீட்டர் கணக்கில் பெருக்கினால் சுமார் 3 கோடி வோல்ட். இடி மின்னலின் அளவு. எழுந்து ஜன்னலைச் சாத்த முடியாத என் செல்களுக்குள்ளே!

தேங்கிய புரோட்டான்கள் திரும்பிப் பாயும் மதகில் ஒரு சக்கரம் இருக்கிறது. உவமைக்குச் சொல்லவில்லை, உண்மையிலேயே சுழல்கிற சக்கரம். 1997இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் அதன் அச்சில் ஓர் இழையை ஒட்டி, அது சுற்றுவதை மைக்ராஸ்கோப்பில் கண்ணாலேயே பார்த்தார்கள். நொடிக்கு நூறு சுற்றுக்கு மேலும் சுழலக்கூடியது. ஒரு சுற்றுக்கு மூன்று ஏடிபி மூலக்கூறுகள் வெளியே வரும். இமைப்பது, இதயம் துடிப்பது, இந்த வரியை யோசிப்பது, எல்லாச் செலவுக்கும் உடம்பு கொடுக்கும் காசு இந்த ஏடிபிதான்.

உடம்பில் எந்த நேரத்திலும் இருக்கும் ஏடிபி ஏறத்தாழ 50 கிராம். ஒரு கைப்பிடி அரிசி. ஆனால் ஒரு நாளில் செலவாகும் ஏடிபியோ கிட்டத்தட்ட நம் உடம்பின் எடை. அதே கைப்பிடியைத்தான் உடைத்து, மறுபடி சேர்த்து, நாளில் ஆயிரம் தடவை போலப் புழங்குகிறோம். போகிறது, பிறக்கிறது, கணக்கில் குறையவில்லை. சாவா மூவாப் பேராடு என்று என்னையறியாமல் வாய்விட்டே சொல்லிவிட்டேன். "என்னது?" என்றாள் அம்மா.

இந்த நோயில் அந்த ஆலையில்தான் எங்கோ கோளாறு என்று சில ஆராய்ச்சியாளர்கள் சந்தேகிக்கிறார்கள். முடிந்த முடிவாக இன்னும் யாரும் சொல்லவில்லை. என் இடையர் நெய்யை முழு உழக்காக அளக்கவில்லை, அதுவரை எனக்கே தெரியும். விளக்கு எரிகிறது, திரி தாழ்ந்து எரிகிறது.

ஏடிபியை 1929இல் ஜெர்மனியில் கார்ல் லோமன் கண்டறிந்த அதே காலத்தில், ஹார்வர்டில் சக ஆய்வாளர் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து கண்டறிந்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்துக்காரர், மதராஸ் மருத்துவக் கல்லூரி மாணவர். கதர்த் துணியில் அறுவைசிகிச்சை அங்கி போட்டதற்காகப் பேராசிரியரின் பகையைச் சம்பாதித்து எம்.பி.பி.எஸ். பட்டத்தை இழந்தவர். அண்ணனும் தம்பியும் ஸ்ப்ரூ என்ற நோயில் சில நாள் இடைவெளியில் இறந்துபோனார்கள். சாப்பிட்டது உடம்பில் ஒட்டாமல் ஆளைக் கரைத்துவிடும் நோய் அது. அதே நோய் இவரையும் பிடித்து, ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதியின் கையில் பிழைத்தார். பிறகு பாஸ்டன் போய், மருத்துவமனையில் இரவு நேர ஊழியர் வேலையெல்லாம் பார்த்துப் படித்தார்.

ஃபிஸ்கேயும் இவரும் தசைச் சாற்றில் பாஸ்பரஸை அளந்தார்கள். அளக்கும்போது நீல நிறம் வர வேண்டும். அது ஏனோ தாமதமாக வந்தது. வேறொருவராக இருந்தால் கண்ணாடிக் குழாயைக் கழுவிக் கவிழ்த்திருப்பார். அந்தத் தாமதத்தை இவர்கள் துரத்தியதில் 1927இல் பாஸ்போகிரியேட்டின் கிடைத்தது, பிறகு ஏடிபி. 1945இல் லெடர்லே ஆய்வகத்தில் அவருடைய குழு ஃபோலிக் ஆசிட்டைச் செயற்கையாகச் செய்தது. அடுத்த ஆண்டே அது ஸ்ப்ரூ நோயாளிகளைத் தேற்றியது. அண்ணன் தம்பிக்குக் கால் நூற்றாண்டு பிந்தி வந்த மாத்திரை. சுப்பாராவ் 1948இல், 53 வயதில் இறந்தார். இன்று எந்த மெடிக்கல் ஷாப்பிலும் சில்லறைக்குக் கிடைக்கும் அந்த மஞ்சள் மாத்திரைக்குப் பின்னால் இப்படி ஒரு நோயாளி இருக்கிறார் என்று யாருக்கு ஞாபகம்?

பி12இன் கதை இன்னும் விசித்திரம். நடுவில் ஒரு கோபால்ட் அணு, ரத்தச் சிவப்பு. அதன் வடிவத்தை எக்ஸ்-கதிரால் கண்டவர் டோரதி ஹாட்ஜ்கின். மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப்போன கைகளோடு வேலை செய்தவர். அதைச் செயற்கையாகக் கட்டி முடிக்க வுட்வர்ட், எஷன்மோசர் இருவர் தலைமையில் நூறு பேர் பத்து வருஷத்துக்கு மேல் உழைத்தார்கள். கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா அதைச் சும்மா செய்கிறது. செடியால் முடியாது, மாட்டாலும் முடியாது. மாட்டின் வயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர் செய்துகொடுத்து, அது பாலாகி, தயிராகி என் தட்டுக்கு வருகிறது. ஒரு நாளைக்கு வேண்டியது 2.4 மைக்ரோகிராம். மணலில் ஒரு பொடியைவிடச் சிறிது. அதை அளந்து வைத்தவன் கை எப்படிப்பட்டதோ.

கேப்ஸ்யூல் எனக்கு உதவுகிறதா? போன மாதம் நான்கு நல்ல நாட்கள் வந்தன. கேப்ஸ்யூலாலா, அந்த வாரம் யாரும் வீட்டுக்கு வராததாலா, சொல்லத் தெரியவில்லை. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் மட்டும் இதைத் தொடும் முன் டாக்டரைக் கேட்டுவிட வேண்டும். மற்றபடி, தீராத நோயைத் தீர்ப்பதாக விளம்பரம் போடுகிற கம்பெனிகளைவிட, மூடியில் மாத்திரை உருட்டும் என் அம்மா நேர்மையானவள்.

இன்று மாலை கிழக்கு ஜன்னல் வழியாகக் கோயில் மணி கேட்டது. மாடிக்குப் போனால் கோபுரம் தெரியும், 18 படி. ஒன்பது ஏறி உட்கார்ந்தேன். காலில் அந்தப் பழைய கனம் இல்லை. அம்மா கீழே நின்று, "மீதியும் ஏறிடுவியா?" என்றாள்.

"நாளன்னிக்குச் சொல்றேன்மா," என்றேன்.