உயிர் பிழைத்தாயிற்று, இனி எழுந்து உட்கார வேண்டும்

ஒரத்தநாடு வட்டாரத்தில் நல்ல உடம்புக்காரரைப் படுக்கையில் தள்ளும் காரணங்கள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். தஞ்சாவூர்–பட்டுக்கோட்டை சாலையில் பைக் விபத்து. கல்லணைக் கால்வாய்ப் பாசனத் தோப்புகளில் தென்னை மரத்திலிருந்து தவறி விழுவது. பிரஷர் மாத்திரையைப் பாதியில் நிறுத்தியவருக்குத் திடீரென்று வரும் பக்கவாதம். இந்த மூன்றிலும் உயிரைக் காப்பாற்றும் ஏற்பாடு முன்னைவிட இப்போது எவ்வளவோ மேல். 108 வருகிறது, தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது.

சிக்கல் தொடங்குவது அதற்கப்புறம். சில வாரங்களில் டிஸ்சார்ஜ் எழுதிவிடுகிறார்கள். கையில் ஒரு சீட்டு, ஒரு பை மாத்திரை, "பிசியோ செய்யுங்க" என்ற ஒரு வரி. நாற்றைப் பறித்துக் கட்டிவிட்டு நடவு முடிந்தது என்று வீட்டுக்குப் போவதைப் போன்றது இது. வீட்டில் இருப்பவர்களுக்கு அவரை எப்படிப் புரட்டுவது, எப்படி ஊட்டுவது, சிறுநீர்க் குழாயை என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. அடிபட்டதில் பிழைத்தவர் பல மாதம் கழித்துப் படுக்கைப் புண்ணிலும் சிறுநீரகத் தொற்றிலும் இறந்துபோவது இதனால்தான். இதைத் தடுக்கிற துறைக்குப் பெயர் மறுவாழ்வுச் செவிலியம். அது என்ன செய்கிறது, அதைக் கேட்டுப் பெற நமக்கு என்ன உரிமை இருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

செய்துவிடுவதா, செய்ய வைப்பதா?

சாதாரண வார்டில் செவிலியர் நோயாளிக்கு வேண்டியதைச் செய்துவிடுவார். மறுவாழ்வுச் செவிலியரோ நோயாளியே செய்துகொள்ளும்படி பழக்குவார். இடது கை விழுந்துவிட்டால் வலது கையால் சட்டை போடுவதற்கு ஒரு முறை உண்டு: விழுந்த கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுக்க வேண்டும். மனைவி போட்டுவிட்டால் இரண்டு நிமிடம். அவராகப் போட்டால் இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்தைப் பொறுமையாகக் கொடுப்பதுதான் சிகிச்சை. பாசத்தினால் எல்லாவற்றையும் நாமே செய்தால், மீண்டு வரக்கூடிய திறமையும் போய்விடும்.

இன்னொரு கொள்கை, காலம். மறுவாழ்வு டிஸ்சார்ஜுக்குப் பிறகு வருவதாக நினைக்கிறோம். உண்மையில் நோயாளியின் நிலை சீரானதும் ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே அது தொடங்கியாக வேண்டும். பக்கவாதத்தில் முதல் சில மாதங்களில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும். "கொஞ்சம் தெம்பு வரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போட்டால் மூட்டுகள் இறுகிவிடும்.

ஒரு கட்டிலைச் சுற்றி எத்தனை பேர்?

தென்னை மரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இழந்த நாற்பது வயதுக்காரர் ஒருவரை வைத்துப் பார்ப்போம். மறுவாழ்வு மருத்துவர் பாதிப்பின் அளவை மதிப்பிட்டு வழி வகுக்கிறார். இயன்முறை மருத்துவர் மூட்டுகளை இயக்கி, கைகளுக்கு வலுவேற்றி, கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாறப் பழக்குகிறார். செயல்முறை மருத்துவர் குளிப்பது, உடுப்பது, திரும்பத் தொழில் செய்வது பற்றிப் பார்க்கிறார். காலுக்குத் தாங்கி செய்பவர் ஒருவர், மனம் உடையாமல் பார்த்துக்கொள்ள உளவியலாளர் ஒருவர், உதவித்தொகைக்கும் சான்றிதழுக்கும் வழிகாட்டச் சமூகப் பணியாளர் ஒருவர். பேச்சும் விழுங்குவதும் பாதிக்கப்பட்டவருக்குப் பேச்சுப் பயிற்சியாளரும் வேண்டும்.

இவர்கள் எல்லோரும் நாளுக்கு அரை மணி, ஒரு மணி வந்துவிட்டுப் போகிறவர்கள். மீதிப் பொழுது முழுக்கக் கூட இருப்பவர் செவிலியர். காலையில் பிசியோ கற்றுக்கொடுத்த மாற்றத்தை இரவு கழிப்பறைக்குப் போகும்போது செய்ய வைப்பதும், புண்ணின் முதல் சிவப்பைக் கண்டுபிடிப்பதும், "எனக்கு இனி என்ன இருக்கு" என்று நள்ளிரவில் அழுவதைக் கேட்பதும் அவர்தான். குழு நன்றாக நடந்தால் வாரம் ஒருமுறை எல்லோரும் உட்கார்ந்து இலக்கு வைப்பார்கள். "நன்றாக வேண்டும்" என்பது இலக்காகாது. "இந்த மாத முடிவுக்குள் பலகை வைத்து, யார் உதவியும் இல்லாமல் வீல்சேரில் ஏற வேண்டும்" என்பதுதான் இலக்கு. அதை வைக்கும்போது நோயாளியும் வீட்டாரும் அந்தக் கூட்டத்தில் இருக்க வேண்டும். அவர்களும் குழுவின் உறுப்பினர்கள்தான்.

தமிழ்நாட்டுக்கு இது இறக்குமதிச் சரக்கு இல்லை. வேலூர் சி.எம்.சி. மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் ஒரு வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். வீல்சேரில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி அந்தத் துறையை வளர்த்தார். உள்நோயாளிகளுக்கான மறுவாழ்வு நிலையம் 1966இல் வேலூரில் திறக்கப்பட்டது. 1975இல் கடற்படைத் தேர்வின் உடற்தகுதிச் சோதனையில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981இல் தென்காசி அருகே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். முதுகுத்தண்டு பாதித்தவர்கள் தங்கிப் பயிற்சி பெறும் இடம் அங்கே உண்டு. சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது.

வீட்டில் காத்திருக்கும் ஆபத்துகள்

*தூக்கும் விதம்.* மரத்திலிருந்து விழுந்தவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுப்பதும், கையையும் காலையும் பிடித்து மடக்கித் தூக்குவதும் பாதி அடியை முழு அடியாக்கிவிடும். கழுத்தும் முதுகும் அசையாமல், 108 ஆட்கள் வரும்வரை கிடந்தபடியே விடுங்கள். நகர்த்தியே ஆக வேண்டும் என்றால் பலகையில், நான்கு பேர் சேர்ந்து, உடம்பு ஒரே நேராக இருக்கும்படி.

*படுக்கைப் புண்.* வால் எலும்பு, இடுப்பு எலும்பு, குதிகால் ஆகிய இடங்களைத் தினமும் இரண்டு வேளை பாருங்கள். விரலால் அழுத்தினாலும் மறையாத சிவப்புதான் புண்ணின் தொடக்கம். உணர்ச்சி இல்லாதவருக்கு வலிக்காது. எனவே அவர் சொல்லமாட்டார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்ற வேண்டும். முழுதாக ஒருக்களிக்க வேண்டாம். முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து லேசாகச் சாய்த்தால் போதும். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை, குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்குக் கீழே ஒன்று. இழுத்து நகர்த்தினால் தோல் உரியும். மடித்த பழைய சேலையை அடியில் விரித்து, இரண்டு பேர் இருபுறமும் பிடித்துத் தூக்கி நகர்த்துங்கள். சிவந்த இடத்தைத் தேய்த்துவிடக் கூடாது. காற்றுப் படுக்கை வாங்கிவிட்டோம், புரட்ட வேண்டாம் என்று விட்டுவிடவும் கூடாது.

*சிறுநீர்.* மாதக் கணக்கில் குழாய் உள்ளேயே கிடந்தால் தொற்று வரும். பலருக்கு நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை குழாய் நுழைத்து எடுத்துவிடும் முறை நல்லது. அதை நோயாளியே செய்யக் கற்கலாம். உங்களுக்கு அது பொருந்துமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். குழாய் இருக்கும்வரை பை எப்போதும் இடுப்புக்குக் கீழேயே தொங்க வேண்டும். கழுத்திலோ மேல் முதுகிலோ அடிபட்டவருக்குத் திடீரென்று கடும் தலைவலி, முகத்தில் வியர்வை, ரத்த அழுத்த உயர்வு வந்தால் உடனே உட்கார வைத்து, குழாய் மடங்கி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அடங்காவிட்டால் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். உயிருக்கே ஆபத்தான அறிகுறி அது.

*விழுங்குதல்.* பக்கவாதம் வந்தவருக்கு விழுங்கும் திறனைச் சோதிக்காமல் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது. நுரையீரலுக்குள் முதலில் இறங்குவது தண்ணீர்தான். கெட்டியான கஞ்சி அதைவிடப் பத்திரம். நேராக உட்கார வைத்து, தாடையைச் சற்றுக் குனிய வைத்து, சிறு கரண்டியில் கொடுங்கள். இருமலோ, குடித்தபின் குரலில் ஈரமோ தெரிந்தால் நிறுத்துங்கள். சாப்பிட்ட பிறகு அரை மணி உட்கார்ந்தே இருக்கட்டும்.

*விழுந்த கை.* அதைப் பிடித்து இழுத்துத் தூக்கினால் தோள் மூட்டு நழுவும். இடுப்பைப் பிடித்துத் தூக்குங்கள்.

*நம்பிக்கைகள்.* உணர்ச்சி இல்லாத காலில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் கொப்புளம் கிளம்பும், அவருக்குத் தெரியவே தெரியாது. புறா ரத்தம் தடவுவதால் நரம்பு திரும்பாது. அதற்கு அலையும் நாட்களில் பயிற்சிக்கான காலம்தான் போகும்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஒரத்தநாட்டுக்காரர்களுக்கு முக்தாம்பாள் சத்திரம் தெரியும். தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1801இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில், தஞ்சைச் சத்திரங்களில் வழிப்போக்கர் யாரேனும் நோயில் விழுந்தால் வைத்தியரும் மருந்தும் பத்தியச் சோறும் கொடுத்து, குணமாகும் வரை கவனிப்பது வழக்கம் என்று விவரித்திருக்கிறார். அன்று அது மன்னரின் தர்மம். இன்று அது சட்டம்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 (2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில்) 21 வகைப் பாதிப்புகளை ஏற்கிறது. அதன் 25ஆம் பிரிவு, வருமான வரம்புக்கு உட்பட்டு, குறிப்பாகக் கிராமப்புறங்களில், அருகிலேயே இலவச மருத்துவம் தரச் சொல்கிறது. 27ஆம் பிரிவு மறுவாழ்வுச் சேவையை அரசின் பொறுப்பாக்குகிறது. 20ஆம் பிரிவின்படி, பணியில் இருக்கும்போது ஊனமடைந்த அரசு ஊழியரை அதற்காக வேலையைவிட்டு நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது.

வீட்டு வாசலுக்கே வரும் சேவையும் உண்டு. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பிரஷர், சர்க்கரை மாத்திரைக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். இயன்முறை மருத்துவரும் நோய் ஆதரவுச் செவிலியரும் வட்டார அளவில் வீடு தேடி வருவதும் அந்தத் திட்டத்தின் பகுதிதான். உங்கள் ஊர்க் கிராம சுகாதாரச் செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ நோயாளியின் பெயரைப் பதியச் சொல்லுங்கள். தகவலுக்கு 104.

பணமும் பரிகாரமும்

மாற்றுத்திறனாளிச் சான்றிதழ்தான் எல்லாவற்றுக்கும் சாவி. தனித்துவ அடையாள அட்டைக்கு இணையத்திலோ இ-சேவை மையத்திலோ விண்ணப்பித்து, மருத்துவக் குழுவிடம் மதிப்பீடு பெற வேண்டும். 40 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் சலுகைகளுக்கு வழி திறக்கும். நிலைமை மாறக்கூடியதென்றால் தற்காலிகச் சான்று தருவார்கள். கடும் பாதிப்புள்ளோருக்கான மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகை 2023 முதல் மாதம் 2,000 ரூபாய்; முதுகுத்தண்டுவடம் பாதித்தவர்களும் இதில் அடங்குவர். விண்ணப்பம் தஞ்சாவூரில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில்.

சாலை விபத்தென்றால் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரியிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு உச்சவரம்புக்குள் கட்டணமில்லை. இழப்பீட்டு மனுவை ஆறு மாதத்துக்குள் போடும்படி திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது, தள்ளிப்போடாதீர்கள். விபத்து நடந்த பகுதித் தீர்ப்பாயத்திலோ, நீங்கள் வசிக்கும் பகுதித் தீர்ப்பாயத்திலோ போடலாம். மருந்துச் செலவோடு நின்றுவிட வேண்டாம்: உதவியாளர் செலவையும் ஆயுள் முழுமைக்கும் கணக்கிட்டுக் கேட்கலாம். 2020இல் காஜல் என்ற சிறுமியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படியே கணக்கிட்டுத் தந்தது. மரமேறுகிறவர்கள் தென்னை வளர்ச்சி வாரியத்தின் ‘கேர சுரக்ஷா’ விபத்துக் காப்பீட்டில் முன்கூட்டியே சேர்ந்துவிடுவது நல்லது. பிரீமியத்தின் பெரும்பகுதியை வாரியமே கட்டுகிறது.

ஏஜென்சி மூலம் ‘ஹோம் நர்ஸ்’ வைப்பவர்கள், அவர் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். உதவியாளரை நர்ஸ் என்று அனுப்பி நர்ஸ் சம்பளம் வாங்குவது சேவைக் குறைபாடு. பணம் வாங்கிய ஏஜென்சி மீதும் தனியார் ஆஸ்பத்திரி மீதும் இரண்டு ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணமே கிடையாது. எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு ஆஸ்பத்திரி இதில் வராது. அங்கே குறையென்றால் கண்காணிப்பாளர், ஆட்சியரகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டம், 1100 எண், இறுதியாக மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர்.

இதெல்லாம் நிற்பது ஆவணத்தின் மேல். மருத்துவப் பதிவேட்டை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002 நெறிமுறை விதி.

டிஸ்சார்ஜ் நாளில் கேட்க வேண்டியவை

1. புரட்டுவதையும் கட்டிலிலிருந்து மாற்றுவதையும் எங்கள் கையால் செய்து காட்டவா? சரியா என்று பாருங்கள்.
2. விழுங்கும் சோதனை செய்தாயிற்றா? எந்தப் பதத்தில் சாப்பாடு?
3. சிறுநீர்க் குழாயை எப்போது மாற்றுவது, எப்போது எடுப்பது?
4. அடுத்த மூன்று மாதத்துக்கு இலக்கு என்ன? யாரிடம் பயிற்சி?
5. எந்த அறிகுறி வந்தால் திரும்ப வர வேண்டும்?

பதில்களைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். கேட்கிறவரைத் தொந்தரவுக்காரர் என்று யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும். இரவு இரண்டு மணிக்கு அவரைப் புரட்டிவிடப்போவது நீங்கள்தான்.